கபிலையில் விட்ட துணி

நஞ்சன்கூட்டில் ஆற்றில் முழுக்குப் போட்டவர்கள் கட்டியிருந்த துணியை ஆற்றோடு விட்டுவிடுகிறார்கள். படித்துறையில் இறங்கினால் பாசிக்கு முன்னால் காலில் தட்டுப்படுவது துணிதான். கல் இடுக்கில் மாட்டிக்கொண்ட லுங்கி, பூப்போட்ட நைலக்ஸ் சேலை, உள்பாவாடை, சின்னப் பையனின் டவுசர், யாரோ மாலை போட்டிருந்தபோது கட்டிய கறுப்பு வேட்டி. தண்ணீர் இழுக்கிற பக்கமாக எல்லாம் தலைசாய்த்துக் கிடக்கின்றன. கரையோரத்தில் ஏற்கெனவே அள்ளிப் போட்ட குவியல் ஒன்று வெயிலில் பாதி காய்ந்து, பாதி நாறிக்கொண்டிருந்தது.

தாயின் தலையை வெட்டிய பாவம் தீர பரசுராமர் இங்கே வந்து கோடரியைக் கழுவினார் என்பது தலபுராணம். கபிலையும் கௌண்டின்யை எனப்படும் குண்ட்லு ஆறும் சேருகிற இடம். கோடரியில் ஒட்டிய பாவமே கரைந்தது என்றால் சேலையில் ஒட்டியது கரையாதா? கரைந்த பிறகு அந்தச் சேலையை வீட்டுக்கு எதற்குக் கொண்டுபோவது? இப்படித்தான் கணக்குப் போகிறது. திருநள்ளாற்றில் நளதீர்த்தத்திலும், பாபநாசத்தில் தாமிரபரணியிலும் இதே கணக்கில் துணி மிதப்பதை நாம் பார்த்திருக்கிறோம். விடுகிறவருக்குப் பாவம் போகிறது. ஆற்றுக்குள் இறங்கி அதை இழுத்து எடுத்து, லாரியில் ஏற்றுகிற துப்புரவுத் தொழிலாளிக்கு என்ன போகிறது, என்ன வருகிறது என்று புராணத்தில் இல்லை.

கபிலை என்று கோயிலில் சொல்வது, கபினி அணையிலிருந்து இத்தனை கன அடி திறப்பு என்று ஆடி மாதத்தில் நம் செய்திகளில் வருகிற அதே ஆறுதான். இங்கிருந்து போய் திருமகூடலில் காவிரியோடு கலந்து, ஒகேனக்கல் இறங்கி மேட்டூருக்கு வந்து சேர்கிறது. நஞ்சன்கூட்டில் யாரோ விட்ட பாவத்தில் ஒரு சிட்டிகையாவது டெல்டாவின் வாய்க்காலுக்கு வந்திருக்கும்.

நான் வந்தது கோயிலுக்கு அல்ல. சத்தியமங்கலத்தில் பஸ் ஏறி, திம்பத்தின் 27 கொண்டை ஊசி வளைவுகளையும் கண்ணை மூடியபடி கடந்து, ஆசனூர் காட்டில் கண்ணைத் திறந்து, சாமராஜநகரில் வண்டி மாறி வந்தேன். பதனவாளு என்ற ஊரின் கதர் நூற்பு மையத்தைப் பார்க்க வேண்டும் என்பது நெடுநாள் ஆசை. அது நஞ்சன்கூடு தாலுகாவில், சாமராஜநகர் சாலையிலேயே இருக்கிறது. பஸ் அதைத் தாண்டித்தான் வந்தது. ஆனாலும் நஞ்சன்கூட்டில் தங்கி மறுநாள் திரும்பிப் போகலாம் என்று முடிவு செய்திருந்ததால் இந்த ஆற்றங்கரை வாய்த்தது.

வந்த பிறகு கோயிலுக்குப் போகாமல் இருக்க முடியுமா? ஆலகாலத்தை விழுங்கிய நஞ்சுண்டேசுவரர், மருத்துவக் கடவுள். யானையின் கண் நோய் தீர்ந்ததற்காகத் திப்பு சுல்தான் மரகத லிங்கம் கொடுத்து, 'ஹக்கீம் நஞ்சுண்டர்' என்று அழைத்தாராம். ஒன்பது நிலைக் கோபுரம் மூன்றாம் கிருஷ்ணராஜ உடையார் காலத்தது. ஊருக்குள் நுழையும் முன் பழைய பாலத்தையும் பார்த்துவிடலாம். 1735இல் தளவாய் தேவராஜ் கட்டிய கல் பாலம், பிற்காலத்தில் ரயிலையும் சுமந்தது. நஞ்சன்கூடு ரசபாளே வாழைப்பழம் இப்போது கிடைப்பது அரிது, அதன் பேரைச் சொல்லி விற்கிற பழம் தாராளமாகக் கிடைக்கிறது. கோயிலைப் பற்றி இவ்வளவு போதும், எழுதியவர்கள் ஏராளம்.

எனக்குத் துணிதான் விஷயம். திருப்பூர்க்காரி. எங்கள் ஊரில் பனியன் கம்பெனி வெட்டு மேசையிலிருந்து விழுகிற துண்டுக்கு 'கட்டிங் வேஸ்ட்' என்று பெயர், அதற்கென்றே கடைகள், குடோன்கள், தரகர்கள். தரையில் வட்டமாக உட்கார்ந்து பெண்கள் கலர் கலராகப் பிரிப்பார்கள். வெள்ளைத் துண்டு மெஷின் துடைக்கப் போகும். கலர்த் துண்டு மில்லுக்குப் போய்ப் பஞ்சாகக் கிழிபட்டு மறுபடி நூலாகிவிடும். கலரைச் சரியாகப் பிரித்திருந்தால் மறுபடி சாயம் போட வேண்டியதில்லை, நொய்யலுக்கு அந்த மட்டும் புண்ணியம். மீந்ததைப் பட்டையாகக் கிழித்துத் தறியில் கால்மிதி நெய்வார்கள். பழந்துணியைப் புதுசாக்குவதில் எங்களை மிஞ்ச ஆள் இல்லை என்றுதான் எங்கள் ஊரில் பேச்சு. ஆனால் அந்தத் துண்டு எதையும் எந்த உடம்பும் உடுத்தியது கிடையாது. உடுத்திய துணி என்று வந்துவிட்டால் நாங்களும் நஞ்சன்கூட்டுக்காரர்கள்தான். ஜரிகை இருந்தால் பாத்திரக்காரரிடம் போட்டு எவர்சில்வர் தூக்கு வாங்குவோம். இல்லாவிட்டால் வீட்டு வேலைக்கு வருகிறவருக்குக் கொடுத்துவிட்டு, அவர் அதைக் கட்டிக்கொண்டு வருகிறாரா என்று ஓரக்கண்ணால் பார்ப்போம்.

அந்தப் படித்துறையில் உட்கார்ந்திருந்தபோது, பழந்துணியை அடுக்கித் தைக்கிற வங்காளத்தின் காந்தா நினைவுக்கு வந்துகொண்டே இருந்தது. கொல்கத்தாவின் தெற்கு எல்லையில், ஜோக்காவில் குருசதய அருங்காட்சியகம் இருக்கிறது. குருசதய தத் ஐ.சி.எஸ். அதிகாரி, பிரதசாரி இயக்கத்தைத் தொடங்கியவர். மாவட்டம் மாவட்டமாக வேலை பார்த்த நாட்களில் கிராமத்துப் பெண்களின் கைவேலையைச் சேகரித்தார். அவர் சேர்த்த காந்தாக்களை அங்கே பார்த்தேன். படத்தில் பார்த்தால் பூவேலை செய்த படுக்கை விரிப்பு என்றுதான் தோன்றும். கிட்டே போய்ப் பார்த்தால்தான் விஷயம் புரிகிறது. அந்த வெள்ளைப் பரப்பு தட்டையாக இல்லை. ஆற்றுமணல் போல முழுக்கச் சின்னச் சின்ன நெளிவு.

நெளிவு வருகிற விதம் இது. கட்டிக் கட்டி, துவைத்துத் துவைத்து இழை நைந்த வெள்ளைச் சேலையையும் வேட்டியையும் மூன்று நான்கு மடிப்பாகத் தரையில் விரிக்கிறார்கள். சுருக்கம் இல்லாமல் இழுத்து ஓரங்களில் பாரம் வைத்து, முதலில் நீளமான தையலால் அடுக்குகளைப் பிடித்துவைக்கிறார்கள். அதன்பிறகு ஓட்டுத் தையல். பள்ளிக்கூடத்தில் தையல் வகுப்பில் முதல் நாள் சொல்லித்தருகிற, ஊசி மேலே கீழே போய்வருகிற அதே தையல்தான். வேறு வித்தை கிடையாது. ஒவ்வொரு குத்துக்கும் நூலைக் கொஞ்சம் இறுக்கினால் அடுக்குக்கு நடுவே துணி மயிரிழை அளவு உப்பும். அப்படிப் பல்லாயிரம் குத்து. நூலும் கடையில் வாங்கியது அல்ல, பழைய சேலையின் கரையிலிருந்து உருவிய சிவப்பு, நீலம், கறுப்பு இழைகள். நடுவில் தாமரை, நான்கு மூலையிலும் நம் மாங்காய் மாதிரியான கல்கா, இடைப்பட்ட இடத்தில் யானை, மீன், பல்லக்கு, சிப்பாய், அலமாரி, ரயில் என்று தைத்தவளின் கண்ணில் பட்டதெல்லாம்.

அருங்காட்சியகத்தில் பார்த்த காந்தாக்களுள் ஒன்று மானதாசுந்தரி என்ற பெண் தன் தந்தைக்காகத் தைத்தது. தன் கையால் செய்தேன் என்ற செய்தியையும் பெயரையும் எழுத்தாகவே தைத்துவைத்திருக்கிறாள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் வங்காளத்துக் கிராமத்துப் பெண்ணின் கையெழுத்து நம்மிடம் எத்தனை இருக்கிறது? பேனாவுக்கு அனுமதி இல்லாத கைக்கு ஊசிக்கு அனுமதி இருந்திருக்கிறது.

காந்தாவில் வகைகள் உண்டு. குளிருக்குப் போர்த்த லேப், விருந்தாளிக்கு விரிக்க சுஜனி, புத்தகம் சுற்ற பேட்டன், சீப்பும் கண்ணாடியும் சுற்ற ஆர்ஷிலதா, தலையணை உறைக்கு ஓர். பிறந்த குழந்தையைச் சுற்றவும் ஒன்று. அப்பாவின் வேட்டி, பாட்டியின் சேலை, அத்தையின் சேலை என்று வீட்டு உடம்புகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டு, குழந்தை அதற்குள் போகிறது. நமக்கும் இது அந்நியம் இல்லை. பிறந்த பிள்ளைக்குப் புதுத்துணி போடாமல், நன்றாக வாழ்ந்த தாத்தாவின் பழைய வேட்டியைக் கிழித்துத்தான் முதலில் சுற்றுவோம். தூளி கட்டவும் அம்மாவின் பழம் புடவைதான். தைத்துச் சேர்த்து, பூப்போட்டு, கலையாக்கும் அளவுக்கு நாம் போகவில்லை, அவ்வளவுதான்.

ஜசீமுத்தீன் 1929இல் எழுதிய 'நக்ஷி காந்தார் மாட்' என்ற கதைக்கவிதை வங்காளத்தின் இரு பக்கத்திலும் பிரசித்தம். கணவனைப் பிரிந்த பெண் தன் வாழ்க்கையையே காந்தாவில் தைத்துவைத்து, தன் கல்லறையின் மேல் அதை விரிக்கச் சொல்லிவிட்டு இறக்கிறாள். பிறந்த அன்று சுற்றியதும் போகிற அன்று போர்த்தியதும் ஒரே பொருள்.

இன்று காந்தா பெரிய வியாபாரம். போல்பூர், நானூர் பக்கம் ஏராளமான பெண்களுக்கு அதுதான் கைக்காசு. நக்ஷி காந்தாவுக்கு 2008இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காந்தா கலைஞர்களான ப்ரீதிகணா கோஸ்வாமிக்கு 2023லும் தக்தீரா பேகத்துக்கு 2024லும் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நல்லது. ஆனால் சென்னையில் கண்காட்சிக்குக் கண்காட்சி நாம் பார்க்கிற காந்தா சேலை புத்தம்புது டஸர் பட்டின் மேல் கடையில் வாங்கிய நூலால் போட்ட தையல். தையல் மிஞ்சியிருக்கிறது, பழந்துணி போய்விட்டது. வாங்குகிறவர்களைக் கேட்டால் காரணத்தை மறைக்காமல் சொல்வார்கள்: யாரோ கட்டிய துணியை எப்படிங்க காசு கொடுத்து வாங்குறது? சொந்த வீட்டுக்குள் ஆசீர்வாதமாக இருந்த அழுக்கும் வியர்வையும், கடை வாசலைத் தாண்டினதும் தீட்டாகிவிடுகின்றன. என்னைக் கேட்டால், இந்தக் கலையின் கதையே இந்த வாசற்படியில்தான் இருக்கிறது.

மறுநாள் காலை பதனவாளு. ஊரின் பெயரைக் கேட்டதும் கண்டக்டர் "காதியா?" என்று கேட்டுவிட்டு டிக்கெட் கிழித்தார். 1927இல் தொடங்கிய மையம். காந்தி வந்து பார்த்த இடம். இந்தத் தாலுகாவுக்குக் கதர் புதிதும் அல்ல, பக்கத்துத் தகடூரில் தகடூர் ராமச்சந்திர ராவ் என்ற போராளி ராட்டையை வைத்துத்தான் காங்கிரசை ஊருக்குள் கொண்டுவந்தார். ஓட்டுக்கூரை போட்ட நீள நீளமான கட்டடங்கள், நடுவே மரங்கள். சில கட்டடங்களின் நிலைமையைப் பார்த்தால் மழைக்காலத்தில் உள்ளே போக யோசிப்போம். நூற்பு நடக்கிற கூடம் மட்டும் பெருக்கித் துடைத்துச் சுத்தமாக இருந்தது.

நாம் படத்தில் பார்த்துப் பழகிய, காந்தி முன்னால் இருக்கிற ஒற்றைக் கதிர் ராட்டை அங்கே இல்லை. இருப்பது எட்டுக் கதிர் அம்பர் சர்க்கா. இரும்புச் சட்டம், பக்கவாட்டில் கைப்பிடி. ஒரு கை சுற்றிக்கொண்டே இருக்க, மேலிருந்து பஞ்சு இழை இறங்கி முறுக்கேறி எட்டுக் கதிர்களிலும் ஒரே சமயத்தில் சேர்கிறது. இந்த எந்திரத்தை உருவாக்கியவர் தமிழ்நாட்டுக்காரர் ஏகாம்பரநாதன், அவர் பெயரின் ஒரு துண்டுதான் 'அம்பர்'. இதை அங்கிருந்த அக்காவிடம் சொன்னேன். சுற்றுகிற கையை நிறுத்தாமல், "தமிழ்நாட்டிலிருந்து எங்களுக்கு வந்ததில் தண்ணீர்ச் சண்டை போக இதுவும் ஒன்றா?" என்று சிரித்தார்.

அவர் சுற்றுவதைக் கிட்டே உட்கார்ந்து பார்த்தேன். மூன்றாவது கதிரில் இழை அறுந்தது. எனக்குத் தெரிவதற்கு முன்னால் அவர் கைக்குத் தெரிந்துவிட்டது. சுற்றுவதை நிறுத்தி, அறுந்த நுனியைக் கதிரிலிருந்து பிடித்து இழுத்து, மேலிருந்து வருகிற பஞ்சோடு சேர்த்துக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் ஒரு திருகு. முடிச்சு இல்லை. அந்த இடத்தைத் தேடினால் கிடைக்காது. மறுபடி கைப்பிடி சுழல்கிறது. நூல் நிறைந்ததும் சிட்டமாகச் சுற்றுவார்கள், ஒரு சிட்டம் 1,000 மீட்டர். கூலி சிட்டக் கணக்குக்குத்தான். எத்தனை சிட்டம், எத்தனை ரூபாய் என்று கேட்டால் நூற்பவர்கள் முதலில் சொல்வது தொகையை அல்ல, தோள்வலியை.

கைநூலுக்கும் பழந்துணிக்கும் ஒரு நேர் உறவு உண்டு, அது தைக்கிறவர்களுக்குத் தெரியும். கையால் நூற்ற இழை ஓர் இடத்தில் பருத்தும் ஓர் இடத்தில் மெலிந்தும் இருக்கும், மில் நூலைப் போல அவ்வளவு இறுகிய முறுக்கு இருக்காது. புதுசில் சொரசொரக்கும். துவைக்கத் துவைக்கக் குழையும். ஐந்து வருஷம் கட்டிய கதர் வேட்டி தூளிக்கு ஆகிற மாதிரி, ஐந்து வருஷம் கட்டிய பாலியஸ்டர் எதற்கும் ஆகாது, அது கிழியவும் செய்யாது, மெத்தென்று ஆகவும் செய்யாது. சாந்திபுரி, தனியாகாலி என்று வங்காளத்தின் கைத்தறிச் சேலைகள் மெல்லிசுப் பருத்தி என்பதால்தான் காந்தாவுக்கு நான்கு அடுக்கு வைத்தும் ஊசி வழுக்கிக்கொண்டு போனது. ஆற்றில் கிடந்த துணிகளில் பருத்தி என்று நான் கைவைத்துச் சொல்லக்கூடியது ஒன்றோ இரண்டோதான். மக்களுக்குச் சிக்கனம் போய்விட்டது என்று பெரியவர்கள் அலுத்துக்கொள்கிறார்கள். துணியே பழசாகத் தெரியாததாகிவிட்டபோது சிக்கனத்தை எங்கே போய் வைப்பது?

பதனவாளு மையமும் பழசாகிப் போகவிருந்தது. நாடக இயக்குநர் பிரசன்னா 2015இல் இங்கே வந்து தங்கினார். சிவமொக்கா மாவட்டம் ஹெக்கோட்டில் 'சரகா' என்ற பெண்கள் கூட்டுறவுச் சங்கத்தைக் கட்டியவர், கைநெசவுச் சட்டைகளை 'தேசி' கடைகள் வழியே நகரத்துக்குக் கொண்டுபோனவர். பதனவாளு சத்தியாகிரகம் என்று பெயர் வைத்து, ஏப்ரல் 19 அன்று நிலைத்த வாழ்க்கைக்கான தேசிய மாநாட்டை இந்த ஓட்டுக் கட்டடங்களுக்கு நடுவே நடத்தினார். ஊரெங்கும் இருந்து ஆட்கள் வந்தார்கள். கைத்தொழிலைத் திருப்பிக் கொண்டுவருவோம் என்றார்கள். மாநாடுகளைப் பற்றி எனக்குப் பெரிய நம்பிக்கை கிடையாது. ஆனால் இடிந்துவிழ இருந்த கூடத்தில் உட்கார்ந்து பேசினால் பேச்சுக்குக் கொஞ்சம் கனம் வந்துவிடுகிறது என்பதை ஒத்துக்கொள்ள வேண்டும்.

நஞ்சன்கூட்டைச் சுற்றிய தொழிற்பேட்டைகளில் இன்னொரு துணிக்கதையும் இருக்கிறது. தாண்டவபுரம் பக்கத்து ரீட் அண்ட் டெய்லர் ஆலையில்தான் நாடறிந்த கோட்டுத் துணி நெய்தார்கள். அந்த நிறுவனம் கடனில் மூழ்கித் திவால் நடவடிக்கைக்குப் போய்விட்டது. வருஷத்துக்கு வருஷம் சாகப்போகிறது என்று சொல்லப்படும் கதர் மையம் சில மைல் தள்ளி இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. இதை வைத்துக் கைராட்டை வென்றது என்று எழுத எனக்குக் கூச்சமாக இருக்கிறது. கதர் நிற்பது மானியத்தில். மானியம் வாங்காத தொழில் எது என்பது வேறு கேள்வி.

பதனவாளு என்றால் கர்நாடகத்தில் பலருக்கு முதலில் நினைவுக்கு வருவது கதர் அல்ல. 1993 மார்ச் மாதத்தில் இங்கே மூன்று தலித்துகள் கொல்லப்பட்டார்கள். சித்தேசுவரர் கோயிலுக்குள் தலித்துகள் நுழைந்ததை ஒட்டி எழுந்த பூசல். வழக்கு பல ஆண்டுகள் நடந்து தண்டனையும் ஆனது. தலித் குடியிருப்பையும் லிங்காயத்துத் தெருவையும் இணைத்த பாதை அன்றோடு புழக்கத்திலிருந்து போயிற்று. 2022 அக்டோபர் 2ஆம் தேதி, பாரத் ஜோடோ நடைப்பயணத்தின்போது காந்தி ஜெயந்திக்காக ராகுல் காந்தி இங்கே வந்தார். நூற்கிற பெண்களோடு உட்கார்ந்து பேசினார். சீர்செய்த அந்தப் பாதையின் தளக்கற்களுக்கு இரு தரப்பினரோடும் சேர்ந்து வர்ணம் பூசினார், சேர்ந்து சாப்பிட்டார்கள். ஏறக்குறைய முப்பது வருஷம் ஒரு தெருவிலிருந்து மறு தெருவுக்கு நேர்வழி இல்லாமல் கிடந்த ஊர் இது. அத்தனை வருஷமும் இங்கே நூல் நூற்கப்பட்டிருக்கிறது, அந்த நூல் எங்கோ துணியாகிச் சாதி தெரியாமல் யார் யார் உடம்பிலோ ஏறியிருக்கிறது.

புதுத்துணிக்கு இந்தச் சௌகரியம் உண்டு. நூற்றவர் யார், நெய்தவர் யார் என்று கேட்காமல் கட்டிக்கொள்ளலாம். கதர் இயக்கமே இந்தச் சௌகரியத்தின் மேல் நின்றதுதான். பழந்துணிக்கு அது கிடையாது, கட்டியவர் யார் என்ற கேள்வி கூடவே வரும். கிராமத்தில் பழந்துணி மேலிருந்து கீழே இறங்கும், கீழிருந்து மேலே ஒருபோதும் ஏறாது. வண்ணாருக்கும் நாவிதருக்கும் கூலியோடு கூலியாகப் பழைய வேட்டி கொடுத்தவர்கள், அவர்கள் வீட்டுத் துணியைத் தொட்டு எடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. காந்தாவைக் குடும்பத்தின் அன்பு என்று சொல்லிக் கண்கலங்குகிறோம். குடும்பம் என்ற கோட்டுக்கு உள்ளே மட்டும்தான் அந்த அன்பு செல்லும்.

கோட்டைத் தாண்டிய பழந்துணி கர்நாடகத்திலேயே உண்டு. உத்தர கன்னடத்தின் எல்லாப்பூர், ஹளியாள் காட்டுப்பகுதியில் வாழும் சித்திகள், போர்த்துகீசியர் காலத்தில் ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகக் கோவாவுக்குக் கொண்டுவரப்பட்டவர்களின் வழிவந்தவர்கள். அவர்களின் 'கவாந்த்' போர்வையில் கீழே ஒரு முழுச் சேலை, மேலே கிடைத்த துண்டெல்லாம். ஓரத்திலிருந்து தைக்கத் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து முடிப்பார்கள். நான்கு மூலையிலும் மடித்துத் தைத்த முக்கோணப் பூக்கள், 'பூலா', இருக்க வேண்டும். அது இல்லாத போர்வை அம்மணமாக இருக்கிறது என்பார்கள். சித்திகளில் இந்துவும் முஸ்லிமும் கிறிஸ்தவரும் உண்டு. சிலர் போர்வையில் பிறையும் சிலர் போர்வையில் சிலுவையும் வரும், தையல் ஒன்றே. வட கர்நாடகத்தின் சமவெளியில் இதே போர்வைக்குப் பெயர் கௌதி. வீட்டில் தைப்பதும் உண்டு, தைப்பதையே பிழைப்பாகக் கொண்டு வாசலில் வந்து உட்கார்ந்து தைத்துக் கொடுப்பவர்களும் உண்டு.

கௌதியைத் தேடி நான் தார்வாடு, பாகல்கோட்டை எல்லாம் போக வேண்டி வரவில்லை. பதனவாளுவிலிருந்து திரும்பி, நஞ்சன்கூட்டின் தொழிற்பேட்டைப் பக்கம் ஆட்டோவில் வந்துகொண்டிருந்தபோது, வரிசை வீடுகளின் காம்பவுண்டுச் சுவரில் ஒன்று காய்ந்துகொண்டிருந்தது. பச்சை, அரக்கு, ஊதா, பள்ளிச் சீருடையின் கட்டம், நடுவில் கோணலான ஒரு மஞ்சள் சதுரம். ஆட்டோவை நிறுத்தச் சொன்னேன். கட்டட வேலைக்காகப் பாகல்கோட்டைப் பக்கமிருந்து வந்து தங்கிய குடும்பம். தைத்தது அந்த வீட்டுப் பாட்டி. என் கன்னடம் தாளவாடிக் கன்னடம், அவருடையது வடக்கத்திக் கன்னடம், ஒருவரை ஒருவர் புரிந்துகொண்டதைவிட ஒருவரைப் பார்த்து ஒருவர் சிரித்ததே அதிகம். மருமகள் நடுவில் இருந்து கரையேற்றினாள்.

திண்ணையில் வேலை நடந்துகொண்டிருந்த இன்னொரு கௌதியின் மேல் என்னை உட்காரச் சொன்னார். காந்தாவின் நுணுக்கம் இதில் இல்லை. தடித்த ஊசி, இரட்டை நூல், அரை விரல்கடை நீளத்துக்கு ஒரு குத்து. கோடு நேராகப் போகிறதா என்று பார்க்க அவர் ஸ்கேல் வைப்பதில்லை, நீட்டிய தன் காலை ஓரமாக வைத்துக்கொள்கிறார். தையல் காலை ஒட்டியே வருகிறது. அரை மணிக்கு ஒரு தடவை காலை நகர்த்தி உட்காருவார். அதனால் கோடுகளும் லேசாக வளைந்து வளைந்து போகின்றன. மேல் துண்டு ஒவ்வொன்றையும் தொட்டு, இது மகனுடைய சட்டை, இது பக்கத்து வீட்டு டீச்சரம்மா கொடுத்தது, இது பேத்தியின் பாவாடை என்று சொல்லிக்கொண்டே வந்தார்.

ஆற்றில் விட்ட துணியை எடுத்துத் தைப்பீர்களா என்று கேட்டேன். மருமகள் முகம் சுளித்தாள். பாட்டி சுளிக்கவில்லை. "தொவச்சா துணி துணிதானே அக்கா. பாவமெல்லாம் தொவச்சா போயிடும்னுதானே ஆத்துல விடுறாங்க, போனப்புறம் என்ன?" என்றார். பிறகு தொழில்காரியாகத் தொடர்ந்தார். "ஆனா அதுல பூராவும் நைலான். ஊசி நழுவும். வேர்வையக் குடிக்காது. கோடையில அதப் போத்திக்கிட்டு எவன் தூங்குவான்?"

எனக்கு ஒன்று தைத்துத் தர முடியுமா என்றேன். முடியும், ஆனால் துணி நான்தான் கொண்டுவர வேண்டும். பத்துச் சேலையாவது வேண்டும், எல்லாம் பருத்தி. அடியில் போட ஒரு முழுச் சேலை, கிழிசல் இல்லாமல். மேலே எவ்வளவு கிழிந்திருந்தாலும் சரி, ரவிக்கைத் துண்டு, வேட்டி, தலையணை உறை எல்லாம் ஆகும். நூலுக்குத் தனியாகப் பணம். அம்மாவின் சேலைகள் வீட்டில் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன, பார்சலில் அனுப்புகிறேன் என்றேன்.

"எல்லாம் உங்க வீட்டுத் துணிதானா?"

ஆமாம் என்றேன்.

"பத்தலைன்னா எங்கிட்ட இருக்கறதையும் சேத்துப் போடலாமா? இப்பவே சொல்லிடுங்க அக்கா. முன்ன ஒரு வீட்டுக்கு அப்படிப் போட்டுக் குடுத்தேன். யாரு துணின்னு கேட்டு, தையல் பூரா பிரிக்க வச்சாங்க."

போடுங்கள் என்றேன். அவர் மருமகளைக் கூப்பிட்டு, நான் சொன்னதை இன்னொரு தடவை கன்னடத்தில் என்னைச் சொல்லவைத்தார். அதன்பிறகுதான் முன்பணம் வாங்கிக்கொண்டார்.